அட்டாகஸ் தாப்ரோபானிஸ்: ஒரு காட்டுப்பட்டு விட்டிலின் வாழ்க்கைச் சுழற்சியும் பெயரீடும்

ஆய்வுச்சுருக்கம்

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பெருவிட்டில் ஒன்று தமிழ்ச் செய்தித்தாள்களிலும் பாடநூல்சார் எழுத்துகளிலும் ‘அட்லஸ் அந்துப்பூச்சி’ எனக் குறிக்கப்பட்டு வருகிறது. வகைப்பாட்டியல் நோக்கில் அது அட்லஸ் அன்று. அட்டாகஸ் தாப்ரோபானிஸ் என்னும் தனிச் சிற்றினமாகும். இவ்வுயிரியின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்கி, அதன் அறிவியற்பெயரும் வழக்குப்பெயர்களும் அச்சுழற்சியின் எந்தப் பருவத்தைப் பற்றி நிற்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழில் அதற்குப் பெயரிடும்போது கருத்திற்கொள்ள வேண்டியவையும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காட்டுப்பட்டு, அட்டாகஸ், தாப்ரோபனே, தாமிரபரணி, விட்டில், அந்து, சலபம், பெயரீடு, உருமாற்றம்.

முன்னுரை

பட்டு என்றவுடன் முசுக்கொட்டை இலையுண்ணும் பட்டுப்புழுவே நினைவுக்கு வருகிறது. பாம்பிக்ஸ் மோரி எனப்படும் அது மனிதனால் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்க்கப்பட்டு, பறக்கும் ஆற்றலையே இழந்துவிட்ட ஓர் உயிரினமாகும். அதற்கு வெளியே, காட்டு மரங்களில் தன்னியல்பாக வாழ்ந்து பட்டுக்கூடு கட்டும் விட்டில்கள் பல உள்ளன. டசர், முகா, எரி ஆகிய பட்டுகளைத் தருபவை அவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இவையனைத்தும் சாட்டர்னிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. பாம்பிக்ஸ் மோரியோ பாம்பிசிடே என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது.

சாட்டர்னிடே குடும்பத்தில் உருவளவால் சிறந்து நிற்கும் பேரினங்களுள் அட்டாகஸ் ஒன்று. இப்பேரினத்தின் சிற்றினங்கள் இந்தியா முதல் ஆசுத்திரேலியா வரை பரவியுள்ளன. அவற்றுள் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தன் வாழிடமாகக் கொண்டது அட்டாகஸ் தாப்ரோபானிஸ். மழைக்காலத்தில் மலையடிவார ஊர்களில் தெருவிளக்கையோ வீட்டுச் சுவரையோ பற்றியிருக்கும் இவ்விட்டிலின் படம் ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வெளிவருகிறது. உடன்வரும் செய்தி அதனை ‘அரியவகை அட்லஸ் அந்துப்பூச்சி’ என்கிறது. இத்தொடரிலுள்ள மூன்று சொற்களும் ஆய்வுக்குரியன. அரியது என்பது காண்பதற்கு அரியதா, எண்ணிக்கையில் அரியதா? அட்லஸ் என்பது எதனுடைய பெயர்? அந்து என்னும் சொல் தமிழில் எதனைக் குறித்தது? இவ்வினாக்களுக்கு விடை காண உயிரியலும் சொல்லாய்வும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

அறிவியற்பெயர்: அட்லஸும் தாப்ரோபானிஸும்

விலங்கியற் பெயரீட்டின் தொடக்க நூலாகக் கொள்ளப்படுவது கார்ல் லின்னேயசின் ‘சிஸ்டமா நாச்சுரே’ பத்தாம் பதிப்பாகும். 1758-இல் வெளிவந்த அப்பதிப்பில் விட்டில்களுள் பெரும்பாலானவை பலேனா என்னும் ஒரே பேரினத்துள் அடக்கப்பட்டன. ஆசியாவின் பெருவிட்டிலுக்கு லின்னேயசு அட்லஸ் எனப் பெயரிட்டதும் அப்பதிப்பிலேயே. கிரேக்கத் தொன்மத்தில் வானைத் தோளில் தாங்கி நிற்கும் தைத்தானின் பெயர் அது. சிறகிலுள்ள கோலங்கள் நிலப்படத்தை ஒத்திருத்தலால் இப்பெயர் வந்தது என்றும் கூறப்படுவதுண்டு. பூச்சிகளுக்குத் தொன்மப் பெயர்களைச் சூட்டுவது லின்னேயசின் பொதுவழக்காதலின் முதல் விளக்கமே பொருத்தமுடையது.

1767-இல் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பில் அட்டாகஸ் என்னும் பிரிவுப்பெயர் இடம்பெற்றது. பின்னர் அதுவே பேரினப்பெயராக நிலைபெற்றது. ‘அட்டாகஸ்’ என்னும் இலத்தீன் சொல் விட்டிலைக் குறிப்பதன்று. விவிலியத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பில், லேவியராகமத்தின் பதினோராம் அதிகாரத்தில், உண்ணத்தகும் வெட்டுக்கிளி வகைகளுள் ஒன்றின் பெயராக அது வருகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதற்கு நெருங்கிய வடிவமே காணப்படுகிறது. வெட்டுக்கிளியைக் குறித்த சொல்லொன்று உலகின் மிகப்பெரிய விட்டில்களின் பேரினப்பெயராகியது தற்செயலாகத் தோன்றலாம். இதற்கு இணையான நிகழ்வு தமிழிலும் வடமொழியிலும் உண்டென்பது பின்னர்க் காட்டப்படும்.

தாப்ரோபானிஸ் என்னும் சிற்றினப்பெயரைச் சூட்டியவர் பிரடெரிக் மூர். இலண்டனில் கிழக்கிந்தியக் கும்பினியின் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவர், இலங்கை அரசின் ஆதரவில் ‘இலங்கையின் செதிலிறகிகள்’ என்னும் பொருளுடைய மூன்று தொகுதி நூலை 1880 முதல் 1887 வரை வெளியிட்டார். 1882-83 ஆண்டுகளுக்குரிய இரண்டாம் தொகுதியில் இவ்விட்டில் விவரிக்கப்பட்டது. இந்நூலின் உருவாக்கத்தில் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் இயக்குநராக இருந்த துவைட்ஸ் திரட்டிய சேகரிப்புகளுக்கும், அவர் மேற்பார்வையில் டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் வரைந்த வண்ணப்படங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. சிறகு விரித்த நிலையோடு புழுவையும் கூட்டுப்புழுவையும் உணவுச்செடியின்மேல் வைத்து வரைந்தமை அப்படங்களின் சிறப்பாகும். இலங்கைத் தீவில் வாழ்ந்த கலைஞர்கள் உயிருள்ள புழுவை நோக்கி வரைந்தனர். பெயரும் விளக்கமும் இலண்டனில் எழுதப்பட்டன.

அட்டாகஸ் சிற்றினங்கள் தோற்றத்தால் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. அதனால் தாப்ரோபானிஸ் நெடுங்காலம் அட்லஸின் ஒரு வகையாகவோ உட்பிரிவாகவோ கருதப்பட்டது. 1989-இல் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்டு பீக்லர் இப்பேரினம் முழுவதையும் மறுஆய்வுக்கு உட்படுத்தி வெளியிட்ட நூலில் தாப்ரோபானிஸ் தனிச் சிற்றினமாக ஏற்கப்பட்டது. இதன்படி, இமயமலை அடிவாரம் தொடங்கித் தென்கிழக்காசியா வரை பரவியிருப்பது அட்லஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்வது தாப்ரோபானிஸ்.

அறிவியற்பெயரை எழுதும் முறையே இவ்வரலாற்றின் ஒரு பகுதியைச் சொல்லிவிடும். ‘அட்டாகஸ் அட்லஸ் (லின்னேயசு, 1758)’ என எழுதுகையில் பெயரிட்டவர் பெயர் பிறைக்குறிக்குள் அமைகிறது. அச்சிற்றினம் முதலில் வேறொரு பேரினத்துள் வைக்கப்பட்டுப் பின்னர் இடம்மாற்றப்பட்டது என்பதே அப்பிறைக்குறியின் பொருள். மூரின் பெயரோ பிறைக்குறியின்றி எழுதப்படுகிறது. அவர் வைத்த பேரினத்திலேயே அது இன்றும் நிற்கிறது என்பதை இதனால் அறியலாம். தமிழில் அறிவியற்பெயர்களை எழுதுவோர் இக்குறியை வெறும் எழுத்தலங்காரமாகக் கருதி விடுவதும் சேர்ப்பதும் பொருளிழப்புக்கு இடமளிக்கும்.

தாப்ரோபனேயும் தாமிரபரணியும்

தாப்ரோபனே என்பது பண்டைக் கிரேக்கர் இலங்கைத் தீவுக்கு வழங்கிய பெயர். ஒனெசிகிரித்தசு, மெகசுதனீசு ஆகியோர் காலம் முதல் இப்பெயர் கிரேக்க எழுத்துகளில் காணப்படுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான தாலமியின் நிலநூலிலும் இதுவே தீவின் பெயர். இது தம்பபண்ணி என்னும் பாகத வடிவத்தின் கிரேக்கத் திரிபு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். தம்பபண்ணியின் வடமொழி வடிவம் தாமிரபர்ணி.

அசோகரின் பெரும்பாறைக் கல்வெட்டுகளுள் இரண்டாவதிலும் பதின்மூன்றாவதிலும் சோழர், பாண்டியர் முதலியோரைத் தொடர்ந்து தம்பபண்ணி சுட்டப்படுகிறது. அறிஞர் பெரும்பாலார் அதனை இலங்கை என்றே கொள்வர். விசயனுடன் வந்தோர் தரையில் ஊன்றிய கைகள் செம்மண்ணால் செம்புநிறம் பெற்றமையால் அவ்விடம் அப்பெயர் பெற்றதென மகாவம்சம் காரணம் கூறுகிறது. இக்கரையில் பொதிகை மலையில் தோன்றித் திருநெல்வேலிச் சீமையை வளப்படுத்தும் பொருநை ஆறும் தாமிரபரணி என்றே வழங்கப்படுகிறது. ஆற்றின் பெயரும் தீவின் பெயரும் எவ்வாறு தொடர்புற்றன என்பது பலராலும் விவாதிக்கப்பட்டது. இங்கு வேண்டப்படுவது அவ்விவாதத்தின் முடிவன்று. கடலின் இருகரையிலும் வழங்கிய ஒரு பெயர், கிரேக்கம் வழியாக இலத்தீனுக்குச் சென்று, அக்கடலின் இருகரையிலும் வாழும் ஓர் உயிரினத்தின் பெயராகத் திரும்பியுள்ளது என்பதே கருதத்தக்கது. மூர் தீவை மட்டும் நினைந்து இட்ட பெயர் அது. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் அவ்விட்டில் வாழ்தலால் அப்பெயர் அவர் கருதியதினும் விரிந்த பொருத்தம் பெறுகிறது.

வாழ்க்கைச் சுழற்சி

அட்டாகஸ் பேரினத்தின் வாழ்வு முட்டை, புழு, கூட்டுப்புழு, விட்டில் என்னும் நான்கு பருவங்களையுடைய முழு உருமாற்றமாகும். இங்குக் கூறப்படும் கால அளவுகள் இப்பேரினத்திற்குப் பொதுவானவை; வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் உணவையும் பொறுத்து மாறுபவை.

பெண்விட்டில் தன் முட்டைகளை உணவுச்செடியின் இலைகளில், பெரும்பாலும் அடிப்புறத்தில், இடுகிறது. முட்டை ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் அளவினது. ஒன்றரை வாரம் முதல் இரண்டு வாரத்திற்குள் அது பொரிகிறது. வெளிவரும் புழு முதலில் தன் முட்டையோட்டை உண்ணுவதும் உண்டு. பின்னர் இலையைத் தின்னத் தொடங்கும் புழு, கூடு கட்டும்வரை செய்வது பெரும்பாலும் அத்தொழில் ஒன்றே.

இப்புழு ஒரே மரத்தை நம்பி வாழ்வதன்று. இலவங்கம், கொய்யா, எலுமிச்சை இனச் செடிகள் எனத் தம்முள் நெருங்கிய உறவற்ற பல தாவரங்களை அட்டாகஸ் புழுக்கள் உண்ணுகின்றன. முசுக்கொட்டையை மட்டுமே பெரிதும் நாடும் பாம்பிக்ஸ் மோரியிலிருந்து இவை வேறுபடும் இடங்களுள் இது முதன்மையானது. வளர வளரப் புழு பலமுறை தோலுரிக்கிறது. அதன் உடலில் வரிசையாக அமைந்த சதைப்பற்றுள்ள முளைகளின்மீதும் தோலின்மீதும் வெண்ணிற மெழுகுப்பொடி படிந்திருக்கும். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அது மாவு தூவப்பட்டதுபோல் தோன்றும். எறும்பு போன்ற பகைவரால் தொல்லையுறும்போது நாற்றமுள்ள நீர்மத்தைப் பீய்ச்சியடித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்பும் அட்லஸ் புழுவிடம் கண்டறியப்பட்டுள்ளது. ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு வாரங்களில் புழு 10 செண்டிமீட்டர் அளவு நீண்டு முதிர்கிறது.

முதிர்ந்த புழு கூடு கட்டும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. அது ஓர் இலையை உறையாக மடித்துக்கொண்டு அதனுள் பட்டு நூற்கிறது. அதனோடு நில்லாது, இலைக்காம்பின்மீதும் பட்டைச் சுற்றி அதனைக் கிளையோடு பிணைக்கிறது. இலை பழுத்துக் காம்பு கழன்றாலும் கூடு நிலத்தில் விழாது கிளையிலேயே தொங்குவது இப்பிணைப்பினால்தான். கூட்டின் ஒருமுனை இறுக நெய்யப்படாமல் நெகிழ்வாக விடப்படுகிறது. உள்ளிருந்து வரும் விட்டிலுக்கு அதுவே வாயிலாகும்.

கூட்டினுள் புழு இறுதியாகத் தோலுரித்துக் கூட்டுப்புழுவாகிறது. ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பின்னர் விட்டில் வெளிவருகிறது; சூழல் ஒவ்வாத காலங்களில் இப்பருவம் மேலும் நீள்வதுண்டு. வெளிவரும்போது சிறகுகள் சுருங்கியும் ஈரமாகவும் இருக்கும். விட்டில் ஒரு பிடிமானத்தில் தொங்கியவாறு உடல்நீர்மத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்த, அவை மெல்ல விரிந்து உலர்கின்றன. அட்டாகஸ் அட்லஸின் விரிந்த சிறகின் அகலம் 24 செண்டிமீட்டரையும் எட்டும். சிறகொவ்வொன்றிலும் செதிலற்ற, ஒளி ஊடுருவும் முக்கோணச் சாளரங்கள் அமைந்திருப்பது இப்பேரினத்தின் அடையாளம். முன்சிறகின் நுனி வளைந்து, கண்போன்ற புள்ளியுடன் பாம்பின் தலையை ஒத்திருக்கிறது. பறவை முதலிய பகைவரை அச்சுறுத்த இவ்வமைப்பு உதவுகிறது என்பது ஒரு கருத்து.

விட்டில் பருவத்தின் தனித்தன்மை யாதெனில், அதற்குச் செயற்படும் வாயுறுப்பு இல்லை. அது உண்பதும் இல்லை, பருகுவதும் இல்லை. புழுப்பருவத்தில் சேர்த்துவைத்த கொழுப்பே அதன் எஞ்சிய வாழ்நாளுக்குரிய முழு இருப்பு. ஆகவே அதன் வாழ்வு ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் முடிந்துவிடுகிறது. பெண்விட்டில் தன் கூட்டிற்கு அருகிலேயே தங்கி இனக்கவர்ச்சிச் சுரப்பைக் காற்றில் வெளியிடுகிறது. இறகுபோல் கிளைத்த அகன்ற உணர்கொம்புகளையுடைய ஆண்விட்டில் அம்மணத்தைத் தொலைவிலிருந்தே உணர்ந்து தேடிவருகிறது. இணைசேர்தலும் முட்டையிடுதலும் முடிந்தபின் இரண்டும் மடிகின்றன.

இச்சுழற்சியை நோக்கினால் ‘அரியவகை’ என்னும் அடைமொழி எவ்வாறு தோன்றுகிறது என்பது விளங்கும். ஏறத்தாழ மூன்று மாதம் நீளும் வாழ்வில் விட்டிலாகப் பறப்பது ஒருசில நாளே. அப்பறத்தலும் இரவில் நிகழ்வது. எஞ்சிய நாட்களில் அது இலைமறைவில் புழுவாகவோ இலையுறைக்குள் கூட்டுப்புழுவாகவோ இருக்கிறது. அது கண்ணில் படாமைக்கு எண்ணிக்கைக் குறைவு மட்டுமே காரணமாக வேண்டுவதில்லை. காணத்தக்க பருவம் குறுகியதாக இருப்பதே போதுமானது. மேலும் அது கண்ணில் படும் இடம் பெரும்பாலும் தெருவிளக்கின் அடி. உணவால் ஈடுசெய்ய இயலாத ஆற்றலை ஒளியைச் சுற்றிச்சுற்றிச் செலவிட்டு, இணையைத் தேட வேண்டிய இரவுகளை இழந்த நிலையில்தான் அது படம்பிடிக்கப்படுகிறது. செய்தியாகும் அக்காட்சி, உயிரியல் நோக்கில், அவ்விட்டிலின் இனப்பெருக்கம் தடைப்படும் காட்சியுமாகலாம்.

கூடும் பட்டும்

அட்டாகஸ் கூட்டிலிருந்து பெறப்படும் பட்டு ‘பகாரா’ என்னும் பெயரால் அறியப்படுகிறது. பாம்பிக்ஸ் மோரியின் கூடு அறுபடாத ஒரே இழையால் ஆனது. அவ்விழை பல நூறு மீட்டர் நீளமுடையது. விட்டில் வெளிவந்தால் இழை சிதையும் என்பதால் கூட்டுப்புழுவை உள்ளேயே கொன்ற பின்னரே இழை எடுக்கப்படுகிறது. அட்டாகஸ் கூட்டின் இழையோ துண்டுதுண்டானது, ஒருமுனையும் திறந்தது. எனவே அதனைப் பாம்பிக்ஸ் பட்டைப்போல் ஒரே இழையாகச் சுற்றியெடுக்க இயலாது. பஞ்சைப்போல் நூற்கவே வேண்டும். பழுப்பு நிறமும் கம்பளியை ஒத்த தன்மையும் உடைய இப்பட்டு நீடித்து உழைப்பது. தைவானில் விட்டில் நீங்கிய வெற்றுக்கூடுகளைச் சிறு பணப்பைகளாகப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு.

இதே அமைப்புள்ள கூட்டைக் கட்டுவது எரிபட்டு விட்டிலாகும். அட்டாகசுக்கு நெருங்கிய உறவுடைய அது முற்காலத்தில் அட்டாகஸ் என்னும் பேரினத்துள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. இன்று சாமியா ரிசினி எனப்படுகிறது. ‘எரி’ என்பது ஆமணக்கைக் குறிக்கும் அசாமிய ‘எரா’ என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது. ரிசினி என்னும் இலத்தீன் பெயரும் ஆமணக்கையே சுட்டுகிறது. தமிழ்நாட்டில் ஆமணக்கும் மரவள்ளியும் விளையும் பகுதிகளில் எரிபட்டு வளர்ப்பு அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது. விட்டில் வெளியேறிய பின்னரும் கூட்டைப் பயன்படுத்த இயலும் என்பதால் ‘அகிம்சைப் பட்டு’ என்னும் பெயரையும் அது பெற்றுள்ளது.

எரி என்னும் பெயர் புழுவின் உணவை நோக்கியது. வடமொழியில் பட்டைக் குறிக்கும் கௌசேயம் என்னும் சொல், கூடு அல்லது உறை எனப் பொருள்படும் கோசம் என்பதன் அடியாகப் பிறந்தது. சிலப்பதிகாரத்திற்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார் தரும் துகில் வகைப் பட்டியலில் கோசிகம் என்னும் பெயர் காணப்படுகிறது. பட்டைக் கையாண்டோர் இட்ட இப்பெயர்கள் புழுவையும் கூட்டையும் பற்றி நிற்கின்றன. அறிவியற்பெயரோ வேறு வழியில் செல்கிறது. செதிலிறகிகளின் சிற்றின விளக்கம் மரபாகச் சிறகு விரித்த நிறைவுயிரியை வகைமாதிரியாகக் கொண்டே எழுதப்படுகிறது. அவ்வகையில் பெயரைத் தாங்கி நிற்பது வாழ்நாளின் மிகக்குறுகிய பருவமாகும். பட்டு நூற்பதோ அப்பருவமன்று.

அந்து, விட்டில், சலபம்

உயிரினத்தின் இளமைநிலைக்குத் தனிப்பெயர் வழங்குதல் தமிழில் தொன்மையான மரபாகும். தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று முதலிய ஒன்பது இளமைப்பெயர்களைத் தொகுத்து, எவ்வுயிர்க்கு எப்பெயர் உரியதென வரையறுக்கிறது. அவ்வியலே உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறு வகைப்படுத்தித் தும்பியை நான்கறிவுயிராகக் கொள்கிறது. மக்கள் வழக்கிலும் ஒரே பூச்சியின் பருவங்கள் கம்பளிப்பூச்சி, கூட்டுப்புழு, விட்டில் என வெவ்வேறு பெயர் பெறுகின்றன. லின்னேய முறையில் முட்டை முதல் விட்டில் வரை அனைத்திற்கும் ஒரே பெயர். வழக்குப்பெயர் காணப்படும் வடிவத்தைச் சுட்டுகிறது. அறிவியற்பெயர் வடிவங்களை ஊடுருவும் ஒரே மரபுவழியைச் சுட்டுகிறது. இவ்வேறுபாட்டை உணராது ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பதே குழப்பத்திற்குக் காரணம்.

இன்றைய தமிழில் இரவில் பறக்கும் செதிலிறகிகளுக்கெல்லாம் பொதுப்பெயராக அந்துப்பூச்சி வழங்குகிறது. ‘அந்து’ என்பது சேமித்த நெல் முதலிய தானியத்தில் தோன்றும் சிறுபூச்சியின் பெயர். வேளாண்மை வழக்கில் அப்பொருள் இன்றும் மாறவில்லை. பாடநூலாக்கம் அச்சிறுபூச்சியின் பெயரை ஒரு பெருவகையின் பெயராக விரித்தது. இதன் விளைவாக, நெல்மணிக்குள் அடங்கும் பூச்சியின் பெயராலேயே உள்ளங்கையினும் பெரிய விட்டிலும் அழைக்கப்படுகிறது. பெயர்விரிவு மொழியில் இயல்பானதே. ஆயினும் சேமிப்புத் தானியத்தை அழிக்கும் பூச்சி என்னும் குறிப்பு அச்சொல்லோடு ஒட்டிவருவதைப் புறக்கணிக்க இயலாது.

விட்டில் என்னும் சொல்லுக்கு அகராதிகள் வெட்டுக்கிளி, விளக்கில் வீழும் பூச்சி என இருபொருளும் தருகின்றன. வடமொழிச் சலபம் என்பதற்கும் இவ்விரு பொருளும் உண்டு. மலையாளத்தில் அச்சொல் வண்ணத்துப்பூச்சியையும் அதன் இனத்தையும் குறிக்க நிலைபெற்றுள்ளது. இலத்தீன் அட்டாகஸ் வெட்டுக்கிளியிலிருந்து விட்டிலுக்கு வந்ததை இங்கு ஒப்புநோக்கலாம். தமிழிலும் வடமொழியிலும் மக்கள் வழக்கால் நேர்ந்த பொருள்நெருக்கம், இலத்தீனில் ஒருவர் செய்த பெயரீட்டால் நேர்ந்தது. திரளாக வந்து இலையை அழிப்பதும் விளக்கை நோக்கித் திரள்வதும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டதற்கு அத்திரட்சியே காரணமாகலாம்.

பிறமொழிப் பெயர்களும் தமிழ்ப் பெயரும்

இவ்விட்டிலினத்திற்குப் பிறமொழிகளில் வழங்கும் பெயர்களை அவற்றின் அடிப்படை நோக்கி வகைப்படுத்தலாம். மலையாளத்தில் நாகசலபம் என்பதும், ஆங்காங்குச் சீனர் வழக்கில் பாம்புத்தலை விட்டில் என்பதும் சிறகு நுனியின் வடிவத்தைப் பற்றியவை. இந்தோனேசியர் யானை வண்ணத்துப்பூச்சி என்பது அளவைப் பற்றியது. சப்பானியப் பெயரான யோனகுனிசான் என்பதன் பொருள் ‘யோனகுனித் தீவின் பட்டுப்புழு’. அது இடத்தையும் பட்டையும் ஒருங்கே சுட்டுகிறது. இவற்றுள் புழுப்பருவத்தை நினைவில் இருத்தும் பெயர் சப்பானியப் பெயர் ஒன்றே.

தமிழில் பெயரிடுவது இன்று வெறும் விருப்பம் சார்ந்த செய்தியன்று. 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவன் அறிவிக்கப்பட்டபோது, தமிழ்ப் பெயரொன்று பள்ளி முதல் அரசாணை வரை எளிதில் பரவ இயலும் என்பது தெளிவாயிற்று. வண்ணத்துப்பூச்சிகளுக்குக் கிடைத்த இக்கவனம் விட்டில்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. ‘அட்லஸ்’ என்னும் பெயர் நிலைபெற்றுவிட்டால், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டும் உரிய ஒரு சிற்றினம் ஆசியா முழுதும் பரவிய வேறொன்றில் கரைந்துவிடும். எங்கும் உள்ளது எனக் கருதப்படும் உயிரைக் காக்க எவரும் முற்படார். அட்லஸின் வாழ்க்கைத் தரவுகள் தாப்ரோபானிஸின் தரவுகளாக எழுதப்படும். தென்னிந்தியாவில் பதிவான பழைய அட்லஸ் குறிப்புகளும் மறுபடி ஆராயப்படாமலே மேற்கோளாகும்.

பெயரீட்டில் மூன்று நெறிகள் கருதத்தக்கன. முதலாவது, தாப்ரோபானிஸை அட்லஸிலிருந்து பிரித்துக்காட்டும் அடைமொழி வேண்டும். இரண்டாவது, பட்டு நூற்கும் இயல்பு பெயரில் இடம்பெறுதல் நன்று. அது புழுவையும் கூட்டையும் நினைவூட்டும். மூன்றாவது, புதுச்சொல் படைக்குமுன் மக்கள் வழக்கைத் தொகுத்தல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காணி, பளியர் முதலிய பழங்குடியினரிடமும், மலைத்தோட்டத் தொழிலாளரிடமும், இலங்கையின் மலையகத் தமிழரிடமும் இப்புழுவுக்கோ கூட்டுக்கோ விட்டிலுக்கோ பெயர்கள் வழங்குமாயின், அவை ஏட்டில் ஏறுமுன் படைக்கப்படும் செயற்கைப் பெயர் அவற்றை மறைத்துவிடக்கூடும்.

இந்நெறிகளுக்கு உட்பட்டு, பேரினத்திற்குப் ‘பெரும்பட்டு விட்டில்’ என்றும் இச்சிற்றினத்திற்குத் ‘தாமிரபரணிப் பெரும்பட்டு விட்டில்’ என்றும் வழங்கலாம். ஆற்றங்கரையில் மட்டும் வாழ்வதென இப்பெயர் பொருள்படாதா என வினவலாம். மூரின் பெயர் தீவை நோக்கியது. தமிழர்க்குத் தாமிரபரணி முதலில் ஆறாகவே தோன்றும் என்பதும் உண்மை. எனினும் அறிவியற்பெயரின் வேர்ச்சொல்லையே அடைமொழியாகக் கொள்வதால் இருபெயர்களும் ஒன்றையொன்று நினைவூட்டும். பெயர்க்காரணம் கேட்கும் மாணவர்க்கு இருகரையின் வரலாற்றையும் சொல்ல வாய்ப்பு ஏற்படும். அந்துப்பூச்சி என்னும் பொதுச்சொல் பாடநூல்களில் வேரூன்றிவிட்டமையால் அதனை முற்றிலும் விலக்குதல் எளிதன்று. பட்டு நூற்கும் பெருவகைகளுக்கேனும் விட்டில் என்பதை ஆளத் தொடங்குவது நடைமுறைக்கு ஏற்றது.

முடிவுரை

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் பெருவிட்டில் அட்டாகஸ் தாப்ரோபானிஸ் என்பதும், அது அட்லஸ் எனப்படுவது பழைய வகைப்பாட்டின் எச்சம் என்பதும் இக்கட்டுரையால் விளக்கப்பட்டன. அதன் அருமை காட்சியின் அருமையே என்பதும், அதற்கு அதன் வாழ்க்கைச் சுழற்சியே காரணம் என்பதும் காட்டப்பட்டன. வெட்டுக்கிளியும் விட்டிலும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் நிலை தமிழ், வடமொழி ஆகியவற்றில் வழக்காலும் இலத்தீனில் பெயரீட்டாலும் நேர்ந்துள்ளது. அறிவியற்பெயர் விட்டிலின் சிறகையும், பட்டுத்தொழில்சார் பெயர்கள் புழுவின் உணவையும் கூட்டையும் அடிப்படையாகக் கொண்டுள்ளன. தமிழ்ப் பெயர் இவ்விரண்டையும் இணைக்க இயலும். அதற்கு முன்பணியாக மலைவாழ் மக்களிடம் வழங்கும் பூச்சிப்பெயர்களைப் பருவவாரியாகத் தொகுக்கும் களஆய்வு உடனடித் தேவையாகும். அப்பணியில் மொழியியலாரும் பூச்சியியலாரும் இணைந்து ஈடுபடுவரேல், தாப்ரோபானிஸ் மட்டுமன்றித் தமிழில் இன்னும் பெயர்பெறாத பிற விட்டில்களும் உரிய பெயர் பெறும்.